இரண்டு சக்கரத்தில் வந்து பாருங்கள்: கடலோரச் சாலைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். எந்தக் கடற்கரையாக இருந்தாலும் அதை ஒட்டி ஓடும் சாலையைப் போடுகிறவர்களும் பராமரிக்கிறவர்களும் நீங்கள். அதே சாலையில் தினமும் பைக்கில் போய் வருகிறவர்கள் நாங்கள். விடுமுறைக்கு வந்து, கடலைப் பின்னணியில் வைத்து வண்டியைப் படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களைச் சொல்லவில்லை. வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, மருந்து வாங்க என்று அங்கேயே ஓடிக்கொண்டிருப்பவர்களைச் சொல்கிறேன். உங்களிடம் எங்களுக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். சாலையை ஆய்வு செய்ய வரும்போது ஜீப்பை விட்டுவிட்டு டூவீலரில் வாருங்கள்.

விளையாட்டாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். உங்கள் மேசைக்கு வருவது விபத்துப் பட்டியல். யாராவது இறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு விழுதல் அந்தப் பட்டியலில் ஏறும். எங்களுக்கு நடப்பவை பெரும்பாலும் அந்த அளவுக்குப் போவதில்லை. வளைவில் முன்சக்கரம் வழுக்கும், வண்டி ஒரு பக்கமாகப் படுத்துவிடும். விழுந்தவர் எழுந்ததும் யாராவது பார்த்தார்களா என்று முதலில் பார்ப்பார், அப்புறம்தான் முழங்காலைப் பார்ப்பார். கிளட்ச் லீவரின் முனை உடைந்து பாதிதான் மிஞ்சியிருக்கும்; இரண்டு விரலால் அதைப் பிடித்துச் சமாளிக்கலாம். ஹேண்டில் கோணிப்போயிருக்கும். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை ஒரு வெட்டு வெட்டித் திருப்பினால் ஓரளவுக்கு நேராகும். இந்த வித்தை கடலோரத்தில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும் என்பதிலிருந்தே எத்தனை பேர் விழுந்து எழுந்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். போலீசுக்குப் போவதில்லை, ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை. வீட்டில் டிஞ்சர், ஒர்க்‌ஷாப்பில் புது லீவர், அவ்வளவுதான். உங்கள் பட்டியலில் அந்த வளைவு சுத்தமாக இருக்கும்.

இந்த இடத்தில் நீங்கள் ஹர்ட் அறிக்கையை எடுத்துப் போடலாம். அதனால் நானே எடுத்துப் போட்டுவிடுகிறேன். பைக் விபத்துகளைப் பற்றிப் பேசும்போது உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படுவது 1981-இல் வெளிவந்த அந்த அறிக்கைதான். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட்டும் அவருடைய குழுவும் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். கூடவே 3,600 போலீஸ் அறிக்கைகளையும் அலசினார்கள். சாலையின் குறைபாட்டால் நடந்த விபத்து 2 சதவீதம்தான் என்று அதில் இருக்கிறது. இருக்கட்டும். அது பெருநகரத்துச் சாலைகளைப் பற்றியது, அதுவும் அறிக்கை எழுதும் அளவுக்குப் பெரிதான விபத்துகளைப் பற்றியது. மணலில் சறுக்கி, எழுந்து, புழுதியைத் தட்டிவிட்டுப் போனவர் எந்த அறிக்கையிலும் இல்லை. இன்று சிராய்ப்போடு எழுந்தவர் விழுந்த அதே இடத்தில், எதிரே லாரி வரும் நேரத்தில் நாளை இன்னொருவர் விழுந்தால் அது பட்டியலில் ஏறிவிடும். அப்போது காரணம் என்ற கட்டத்தில் ‘அதிவேகம், கவனக்குறைவு’ என்று எழுதுவார்கள்.

எங்களில் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவர்கள் இல்லையா என்றால் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு மடல் எழுத வேண்டும். இது உங்களுக்கு.

மணலில் இருந்து தொடங்குகிறேன். பகலில் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகிறது, அதன் மேலுள்ள காற்று எழும்புகிறது, அந்த இடத்துக்குக் கடலில் இருந்து காற்று வருகிறது. இது உங்களுக்குத் தெரியாததில்லை. அந்தக் காற்று பலமாக வீசுவது பிற்பகலில். உங்கள் ஆய்வு நடப்பதோ வெயில் ஏறுவதற்கு முன், காலையில். அந்த நேரத்தில் மணல் இரவு ஈரத்தோடு அடங்கிக் கிடக்கும். அதே மணல் சாயங்காலம் நாலு மணிக்குத் தார் மேல் ஓடிக்கொண்டிருக்கும். ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் பாலைவனங்களில் காரில் சுற்றி, பிறகு 1930-களில் காற்றுச் சுரங்கம் அமைத்து ஆராய்ந்து ஒரு விஷயம் சொன்னார்: மணல் பெரும்பாலும் பறப்பதில்லை, தரையை ஒட்டித் துள்ளித் துள்ளித்தான் நகர்கிறது, நகரும் அளவு காற்றின் வேகத்துக்கு மும்மடி விகிதத்தில் ஏறுகிறது. அதாவது காற்று இரண்டு மடங்கானால் மணல் ஏறக்குறைய எட்டு மடங்கு. காலையில் நீங்கள் பார்த்த சாலையும் மாலையில் நாங்கள் ஓட்டும் சாலையும் எப்படி ஒன்றாக இருக்கும்?

சாலைக்கு வந்த மணல் எங்கே தங்குகிறது என்பதுதான் அடுத்த விஷயம். கார்ச் சக்கரங்கள் ஓடும் தடத்தில் அது நிற்காது, டயர்கள் தள்ளிவிடும். இரண்டு தடங்களுக்கும் நடுவில், சாலை ஓரத்தில், வளைவுகளின் உள்பக்கத்தில் போய்ச் சேரும். பைக்காரன் ஓரமாகப் போகவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாங்களும் ஓரமாகத்தான் போகிறோம், மணல் இருக்கும் ஓரத்தில்.

பொழுது சாயும் நேரத்தில் மெல்லிய மணல் படலத்துக்கும் வெளிறிப்போன தாருக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது. வளைவுக்குள் நுழைந்து வண்டியைச் சாய்த்த பிறகுதான் கண்ணில் படும். கை தானாக பிரேக்குக்குப் போகும். அங்கேதான் சிக்கல். டயருக்குத் தரையில் இருக்கும் பிடிப்புக்கு ஓர் அளவு உண்டு. திரும்புவதற்கே அதில் பெரும்பகுதி செலவாகும்போது பிரேக்குக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். மணல் வந்துவிட்டால் மொத்தப் பிடிப்பும் சுருங்கிவிடும். பிரேக் பிடித்தால் வண்டி விழும், பிடிக்காவிட்டால் சாலையைவிட்டு வெளியே போகும். பழகியவர்கள் வண்டியை நிமிர்த்தி, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, மணலைக் கடந்த பிறகு மறுபடி சாய்ப்பார்கள். அதற்குச் சாலையில் இடம் இருக்கவேண்டும், எதிரே யாரும் வராமல் இருக்கவேண்டும். இதே மணலைக் காரில் கடந்தவருக்கு ‘சர்ர்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டிருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் கேட்டிருக்காது.

இப்போது ஏபிஎஸ் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்துவிட்டது, 1988-லேயே பிஎம்டபிள்யூ கே100 வண்டியில் வந்தது. நேராகப் போகும்போது பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும், நல்ல விஷயம்தான். சாய்ந்திருக்கும் சக்கரம் பக்கவாட்டில் வழுக்குவது வேறு கதை. வண்டியின் சாய்வையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஏபிஎஸ் விலை கூடிய பைக்குகளில் வருகிறது. தரையில் இல்லாத பிடிப்பை அதனாலும் உண்டாக்க முடியாது.

மணலைப் பெருக்குங்கள் என்று கேட்கலாம். பெருக்கிய மறுநாள் மறுபடி வரும். மணல் சாலைக்கு வருவதற்கு முன்னாலேயே அதைப் பிடித்து வைப்பதுதான் வழி. காற்று பாதி புகுந்து போகிற மாதிரி இடைவெளி விட்ட மணல்வேலி வைத்தால், காற்றின் வேகம் தணிந்து மணல் அங்கேயே விழும். முழுச் சுவர் எழுப்பினால் மணல் அதன் மேல் சரிவாக ஏறி ஒருநாள் தாண்டிவிடும். வேலியைவிட நல்லது செடி. வெப்ப மண்டலக் கடற்கரைகளில் அடம்புக்கொடி இந்த வேலையை யாரும் சொல்லாமலேயே செய்துகொண்டிருக்கிறது, மணல் மேலே விழ விழ அதற்கு மேலாகப் படர்ந்துகொண்டு. ஆனால் நடப்பது என்ன? சாலையில் இருந்து பார்த்தால் கடல் அழகாகத் தெரியவேண்டும் என்று மணல்மேட்டைச் சமப்படுத்தி, கொடியை வழித்தெடுத்து, நடைபாதைக் கல் பதிக்கிறார்கள். அப்புறம் மணல் பெருக்கும் எந்திரத்துக்கு டெண்டர் விடுகிறார்கள். இந்த இரண்டு கோப்புகளும் ஒரே அலுவலகத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதை நிறுத்த உங்களால் முடியாது, எங்கே அடிக்கும் என்று சொல்ல முடியும். குன்றை வெட்டிப் போட்ட சாலை முடியும் இடம், கழிமுகத்தின் மேல் போகும் பாலம், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே திடீரென்று கடல் தெரியும் சந்து, இவைதான் அந்த இடங்கள். பக்கக்காற்றுள்ள பாலத்தில் வண்டியைக் காற்றின் பக்கம் சாய்த்துத்தான் ஓட்டவேண்டும். காற்றுப் பக்கமாக ஒரு பஸ் வந்து மறைத்தால் ஒரு கணம் காற்று நின்றுபோகும், சாய்ந்திருந்த வண்டி பஸ்ஸை நோக்கி இழுக்கும். பஸ் கடந்ததும் காற்று மறுபடி அறைந்து எதிர்ப்பக்கம் தள்ளும். பின்சீட்டில் ஆள் இருந்தால், அதுவும் புடவையோ துப்பட்டாவோ படபடத்தால், கேட்கவே வேண்டாம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், கொஞ்சம் கூடினாலும் வண்டியில் நன்றாகவே தெரியும். பாலத்தின் இரண்டு முனையிலும் ஒரு காற்றுப் பை கட்டினால், எந்தப் பக்கம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஏறலாம். துணிச் செலவுதான். விமான தளத்தில் கட்டத் தெரிந்தவர்களுக்குப் பாலத்தில் கட்டத் தெரியாதா?

அடுத்தது பேட்ச் ஒர்க். ஒருமுறை, நான் தினமும் போகும் வளைவில் குழியை அடைத்துவிட்டு, மேலே பொடி ஜல்லியைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ரோலர் வரவில்லையா என்று கேட்டேன். “நாலு நாள் வண்டி ஓடினால் தானா அமுங்கிடும் சார்” என்றார் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அமுக்குகிற வண்டிகளில் என் வண்டியும் ஒன்று என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவர் சொன்ன மாதிரியே பாதி ஜல்லி அமுங்கியது. மீதி சக்கரங்களால் சிதறி வளைவின் வெளிப்பக்கத்தில் வரிசையாகச் சேர்ந்தது, கோலிக்குண்டைக் கொட்டி வைத்த மாதிரி. உள்பக்கம் மணல், வெளிப்பக்கம் ஜல்லி. நடுவில் போகலாம் என்றால் அங்கே எதிரே வருகிறவர்.

ஜல்லி போட்டால் அமுக்குங்கள், அமுக்கிய பிறகு மிஞ்சியதைப் பெருக்குங்கள், பெருக்கும்வரை பலகை வையுங்கள். இதைச் சொல்லித் தரவேண்டிய அவசியம் இல்லை, உங்கள் ஒப்பந்தப் பத்திரத்திலேயே இருக்கும். யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்பதுதான் விஷயம். காரில் போய்ப் பார்த்தால் குழி அடைபட்டிருக்கும். வேலை முடிந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிடலாம்.

வெயிலில் தார் கசிந்து மேலே பளபளவென்று நிற்கும் இடங்களும் இதே கதைதான். ஜல்லி உள்ளே போய்விட்டது, மேலே வெறும் தார். மழை விழுந்தால் சோப்பு போட்ட தரை தோற்றுப்போகும். விரிசலில் ஊற்றிய தார்ப்பட்டைகளும் அப்படியே. வளைவில் அவை பாம்பு மாதிரி நீளவாக்கில் ஓடும், முன்சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கும்போது ஹேண்டில் ஒரு துள்ளு துள்ளும். வழுக்கலை அளக்க உங்களிடம் ஊசல் கருவி இருக்கிறது. ரப்பர் பட்டை கட்டிய கையை ஆடவிட்டு, அது ஈரச் சாலையை உரசிப் போவதை வைத்துக் கணக்கிடுகிறீர்கள். தார் மேல் அதை வைத்துப் பார்த்திருப்பீர்கள். வளைவுக்குள் போட்ட வெள்ளை அம்புக்குறியின் மேல் வைத்துப் பார்த்ததுண்டா? சாலையைக் குறுக்கே வெட்டும் இரும்பு மூடியின் மேல்? பாலத்து இணைப்புப் பட்டையின் மேல்? நாங்கள் மழையில் அதையெல்லாம் டயரை வைத்து அளந்துகொண்டிருக்கிறோம். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகளைச் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் பதிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. குறுக்காகத் திருப்பி வைத்தால் சக்கரம் உள்ளே இறங்காது, தண்ணீர் அதேபோலத்தான் வடியும்.

கடலோரத்துக்கே உரிய இன்னொன்று உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் ஓரத்தில் பல இரவுகள் அப்படித்தான். நிறுத்தி வைத்த வண்டியின் மேல் படிந்த உப்பு இரவு முழுக்க ஈரமாகவே இருக்கும்; காலையில் பார்த்தால் டிஸ்க்கில் செம்மண் பூசியது போல் துரு. முதல் நாலைந்து பிரேக் சரியாகப் பிடிக்காது, அப்புறம் தேய்ந்து சரியாகும். செயின் பல்லைக் கடிக்கும். எங்கள் வண்டியை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதே உப்பு உங்கள் தடுப்புக் கம்பிகளையும் தின்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்தத் தடுப்பு காரை நிறுத்தச் செய்தது. கார் மோதினால் தகடு வளைந்து, வேகத்தை வாங்கிக்கொண்டு, கடலில் விழாமல் காப்பாற்றும். விழுந்த பைக்காரர் தகடு வரை எழும்புவதில்லை. தரையோடு சறுக்கிக்கொண்டு அதன் அடியில் போகிறார். அங்கே அவரை எதிர்கொள்வது விளிம்பு கூரான இரும்புத் தூண்கள், கடலோரத்தில் துருப்பிடித்து ஓரம் பிய்ந்த தூண்கள். வளைவின் வெளிப்பக்கத்தில், தகட்டின் கீழே தரைவரை இன்னொரு தகடு பொருத்தினால் ஆள் தூணில் மோதாமல் அதன் மேல் சறுக்கி நிற்பார். ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் இதை வெகு காலமாகச் செய்கிறார்கள். ஸ்பெயின் இதற்கென்று தனித் தர அளவே வைத்திருக்கிறது. சாலை முழுக்க வேண்டாம். வளைவுகளில் போட்டால் போதும். எந்த வளைவு என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால், பக்கத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள். லீவர் மாற்றித் தந்தவருக்குத் தெரியும்.

கடைசியாக, கடலைப் பார்க்க வண்டி நிறுத்தும் இடங்கள். எங்களுக்கு மிகவும் பயம் அங்கேதான். நல்ல காட்சி எங்கே கிடைக்கும்? வளைவு திரும்பிய உடனே. அதனால் நிறுத்தும் இடமும் வளைவு திரும்பிய உடனே. முன்னால் போகும் கார் கடலைப் பார்த்ததும் நின்றுவிடும், அல்லது கடல் பக்கம் போக எங்கள் குறுக்கே திரும்பும். தாண்டிப் போய்விட்டவர் ரிவர்ஸில் வருவார். அஸ்தமன நேரத்தில் சூரியன் அவர் கண்ணுக்கு நேராக இருக்கும், எங்கள் ஹெட்லைட் அதில் கரைந்துபோகும். ஹர்ட் அறிக்கையை முன்னால் இழுத்தேனே, இன்னொரு வாகனத்தோடு மோதிய பைக் விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில் அந்த வாகனம் பைக்குக்கு வழி விடாமல் குறுக்கே வந்ததுதான் காரணம் என்றும் அதில் இருக்கிறது. ஓட்டுநர்கள் பெரும்பாலும் சொல்வது, பைக்கைப் பார்க்கவே இல்லை என்பது. கடலைப் பார்க்க வந்தவர் பைக்கைப் பார்க்கவில்லை என்று கோபப்பட்டு என்ன செய்ய? அவரை வளைவுக்கு இருநூறு மீட்டர் தள்ளி நிறுத்த வைக்கலாமே. உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி, வருவது முன்கூட்டியே தெரிய ஒரு பலகை. அந்த இடத்தின் வாய் மண்ணாக இருந்தால், கார்கள் வெளியே வரும்போது சக்கரத்தில் ஜல்லியை அள்ளிக்கொண்டு வந்து சாலையில் போடும். உள்ளே சில மீட்டருக்குத் தார் போட்டுவிட்டால் ஜல்லி அங்கேயே உதிர்ந்துவிடும். இது மண்பாதைகள் சாலையில் சேரும் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிரேட் ஓஷன் ரோடு இருக்கிறது. முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெட்டிய கடலோரச் சாலை. அந்த மாநிலம் 2002-இல் பைக்குகளின் பதிவுக் கட்டணத்தோடு ஒரு பாதுகாப்புத் தீர்வையைச் சேர்த்து, அந்தப் பணத்தில் பைக்குகள் அடிக்கடி விழும் சாலைப் பகுதிகளைத் திருத்த ஆரம்பித்தது. பைக்காரர்களிடமே பணம் வாங்கியது சரியா என்று அங்கே சண்டை உண்டு, எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான். ஆனால் பைக் விழும் இடம் என்று ஒன்று இருக்கிறது, அது கார் மோதும் இடத்தில் இருந்து வேறு என்பதை ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டு வேலை செய்தது.

சரி, வருவதாக இருந்தால் எப்படி வரவேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். பெரிய என்ஜின் வைத்த வண்டி வேண்டாம், சாதாரணமாக வேலைக்குப் போக ஓட்டும் வண்டி போதும். பின்சீட்டில் உதவிப் பொறியாளரை உட்காரவைத்துக்கொள்ளுங்கள், குறிப்பு எழுத அவர் வேண்டும். உங்கள் இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கிளம்பி, இருட்டும்போது திரும்புங்கள். நீங்களே பலகையில் எழுதி வைத்த வேகத்தில் போங்கள். எங்கெல்லாம் கை தானாக பிரேக்குக்குப் போகிறதோ, அங்கெல்லாம் பின்னால் இருப்பவரிடம் சொல்லிக் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். முதல் மழைக்கு மறுநாள் இன்னொரு முறை. ஹெல்மெட் கண்ணாடியில் உப்பு படியும், துடைக்க ஒரு துணி எடுத்து வாருங்கள்.

ஒன்று மட்டும் தயவுசெய்து வேண்டாம். வரும் தேதியை முன்கூட்டி அறிவிக்காதீர்கள். அறிவித்தால் முந்தின நாளே ஆள் வைத்து மணலைப் பெருக்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
அந்தச் சாலையில் தினமும் வண்டி ஓட்டும் ஒருவர்